50 மி.மீ. ஹைட்ரஜன்-ஆல்ஃபா தொலைநோக்கி: சூரிய வட்டும் விளிம்புச் சுடர்களும் ஒரே படத்தில் வருமா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளொளி வடிகட்டித் தாளைக் கொண்டு சூரியப் புள்ளிகளைச் சில ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். இப்போது 50 மி.மீ. விட்டமும் 350 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட, காற்றழுத்தத்தால் இசைவுசெய்யும் எட்டலான் என்ற வடிகட்டி பொருத்தப்பட்ட ஹைட்ரஜன்-ஆல்ஃபா தொலைநோக்கி (ஹைட்ரஜனின் செந்நிற ஒளியில் மட்டும் சூரியனைக் காட்டுவது) ஒன்று கிடைத்திருக்கிறது. அதன் அலைப்பட்டை அகலம் 0.75 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஓர் ஆங்ஸ்ட்ராம் நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) என்று குறிக்கப்பட்டிருக்கிறது. கேமரா 2.4 மைக்ரான் பிக்சல்களைக் கொண்ட கறுப்பு-வெள்ளைக் கேமரா.

கண்ணால் பார்க்கும்போது விளிம்பில் எழும் சுடர்களும் வட்டின்மீது கிடக்கும் கரிய இழைகளும் நன்றாகவே தெரிகின்றன. ஆனால் படத்தில் வட்டின் ஒரு பாதியில் மட்டுமே நுணுக்கங்கள் வருகின்றன. மறுபாதி சாம்பல் பூசியதுபோல் தட்டையாக இருக்கிறது. படம் முழுவதும் மெல்லிய இணைகோடுகளும் தென்படுகின்றன. வட்டுக்கு ஏற்ற எக்ஸ்போஷர் வைத்தால் விளிம்புச் சுடர்கள் மறைகின்றன, சுடர்களுக்கு ஏற்ப வைத்தால் வட்டு வெளுத்துப்போகிறது. இரண்டு படங்களைத் தனித்தனியாக எடுத்து ஒட்டுவதுதான் வழியா, அப்படி ஒட்டுவது முறையா என்பதையும் மூத்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

காலைக்கதிர்:

வணக்கம் நண்பரே. நீங்கள் சொல்லும் தட்டையான பாதியும் இணைகோடுகளும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. முதலில் பெரிய சிக்கலை எடுத்துக்கொள்வோம்.

எட்டலான் என்பது மிகத் துல்லியமாகத் தட்டையாக்கி, ஒளியைப் பெரும்பகுதி எதிரொளிக்கும் பூச்சிட்டு, நூலளவு இடைவெளியில் இணையாக நிறுத்தப்பட்ட இரண்டு கண்ணாடித் தகடுகள்தாம். இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளங்கள் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொண்டு வெளியே வரும், மற்றவை அழிந்துவிடும். அப்படி வெளிவரும் பல குறுகிய பட்டைகளில் 656.28 நானோமீட்டரில், அதாவது ஹைட்ரஜன்-ஆல்ஃபா கோட்டில், உள்ள ஒன்றை மட்டும் விட்டு, பிறவற்றைத் தடுக்கத்தான் பின்னால் தடுப்பு வடிகட்டி இருக்கிறது. இதில் நாம் மறக்கக்கூடாத ஒன்று உண்டு: ஒளி தகடுகளுக்குள் சாய்வாக நுழைந்தால், வெளிவரும் அலைநீளம் நீலப் பக்கமாக நகர்ந்துவிடும். வட்டின் மையத்திலிருந்து வரும் ஒளி நேராகவும் விளிம்பிலிருந்து வரும் ஒளி சற்றுச் சாய்வாகவும் நுழைவதால், வட்டு முழுவதும் ஒரே அலைநீளத்தில் இருப்பதில்லை. உங்கள் சூரியன் நடுப்புலத்திலிருந்து விலகி நின்றால் அந்த வேறுபாடு ஒரு பக்கமாகக் குவிந்து, நீங்கள் காணும் தட்டையான பாதி உண்டாகும்.

ஆகவே வட்டை எட்டலானின் நடுப்புலத்துக்குக் கொண்டுவாருங்கள். அது கேமரா திரையின் நடுவாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கண்வில்லை வழியாகவே சூரியனை மெல்ல நகர்த்திப் பார்த்து, எந்த இடத்தில் கரிய இழைகள் மிகக் கருமையாகத் தெரிகின்றன என்பதைக் கண்டுகொண்டால், அந்த இடமே உங்கள் கருவியின் நல்ல புலம்.

அடுத்து, இசைவுசெய்யும்போது விளிம்புச் சுடர்களைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். பலரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள். சுடர்களுக்குப் பின்னால் இருப்பது இருண்ட வானம். எனவே பட்டை சற்று விலகியிருந்தாலும் அவை தெரியும். வட்டின்மீதுள்ள இழைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. பட்டை சற்று நகர்ந்தாலும் கீழேயுள்ள ஒளிமண்டலத்தின் (வெள்ளொளியில் நாம் காணும் சூரியப் பரப்பின்) வெளிச்சம் கசிந்து வந்து, அதன் மேலடுக்கான நிறமண்டலத்தின் நுணுக்கம் அனைத்தையும் கழுவிவிடும். நடு வட்டில் ஓர் இழையைத் தேர்ந்தெடுத்து, அது மிகக் கருமையாகும்வரை அழுத்தக் குமிழைத் திருகுங்கள். உள்ளே திருகும்போது அழுத்தம் கூடி, பட்டை சிவப்புப் பக்கம் நகரும். விளிம்பில் இரட்டைக் கோடு தெரிந்தால் ஒளிமண்டலம் கசிகிறது என்று பொருள். ஒற்றை எட்டலானில் அது முற்றிலும் மறைவதில்லை. ஆனால் சரியான இசைவில் குறைந்தபட்சத்துக்கு வந்துவிடும்.

இணைகோடுகள் நியூட்டன் வளையங்கள். இவ்வளவு குறுகிய பட்டையின் ஒளி, சென்சாருக்கும் அதன் மேலுள்ள காப்புக் கண்ணாடிக்கும் இடையே எதிரொளித்துக் குறுக்கிடுவதால் வருபவை. கேமராவுக்கு முன்னால் சாய்வுத் தகடு ஒன்றை மாட்டி, சென்சாரை ஓரிரு பாகை சாய்த்தால் கோடுகள் நெருங்கி நெருங்கி மறைந்துவிடும். அதிகமாகச் சாய்த்தால் வட்டின் ஒரு ஓரம் குவியம் தவறும். கோடுகள் மறையும் முதல் புள்ளியிலேயே நிறுத்திவிடுங்கள். அதன்பிறகும் எஞ்சும் ஒளிர்வு வேறுபாட்டுக்கு, முகப்பு வில்லையின்மேல் மெல்லிய வெண்ணிற நெகிழித் தாளை விரித்து ஃபிளாட் (சீரான ஒளியின் படம்) எடுத்து, அதனால் வகுத்துச் சரிசெய்துகொள்ளலாம். தொலைநோக்கியின் உள்வடிகட்டிகள் அனைத்தும் அவற்றின் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

உங்கள் கேமராவும் தொலைநோக்கியும் நல்ல இணை. இந்த அலைநீளத்தில் பிக்சல் அளவை மூன்றால் பெருக்கினால் வரும் எண்தான் தேவையான எஃப் விகிதம் (குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்த எண்): 2.4 மைக்ரானுக்கு ஏறத்தாழ எஃப்/7.3. உங்களுடையது எஃப்/7. குவியத்தூரத்தைக் கூட்டும் பார்லோ வில்லை எதுவும் வேண்டாம்.

இயற்பியல் ஆசிரியை:

காலைக்கதிர் ஐயா இசைவைப் பற்றிச் சொன்னதற்கு எண்களோடு சிறு துணை சேர்க்க விரும்புகிறேன்.

சூரியனில் நாம் படமெடுக்கும் பொருள்கள் அசையாமல் நிற்பவை அல்ல. ஓர் இழை நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால், டாப்ளர் விளைவால் அதன் கோடு 0.66 ஆங்ஸ்ட்ராம் நகர்ந்துவிடும். 0.75 ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள பட்டை நடுவிலிருந்து இரு பக்கமும் 0.38 அளவுக்குத்தான் நன்றாகக் கடத்துகிறது. எனவே சிறிது நேரத்துக்கு முன் கண்ணெதிரே இருந்த இழை மெலிந்து மறைந்தால், அது அழிந்துவிட்டது என்று முடிவுகட்டக்கூடாது. மேலெழும்பத் தொடங்கி, நம் வடிகட்டியின் பட்டையைவிட்டு வெளியேறியிருக்கலாம். அந்த நேரத்தில் குமிழைச் சற்று வெளியே திருகி நீலப் பக்கம் போனால் அதே இழை மீண்டும் தெரியும். இது மிகச் சிறிய கருவியிலும் காணக்கூடிய காட்சி. கருவி வைத்திருப்போர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் இதைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

இடத்தின் உயரமும் இசைவை மாற்றும். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் கொடைக்கானல் போன்ற 2,300 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு. தகடுகளுக்கு இடையில் திறந்த காற்று இருக்கும் எட்டலானில், காற்றின் ஒளிவிலகல் எண் குறைவதால் மட்டுமே பட்டை சுமார் 0.4 ஆங்ஸ்ட்ராம் நீலப் பக்கம் போய்விடும். கீழே சமவெளியில் இசைத்துவைத்ததை அப்படியே மலைக்குக் கொண்டுபோனால் வட்டு வெறுமையாகத் தெரிவதற்கு இதுவே காரணம். வைகைக்கரை அவர்களின் கருவி போன்ற மூடிய அறை உள்ளவற்றில், படமெடுக்கும் இடத்துக்குப் போனதும் குமிழை முழுவதும் கழற்றி, உள்ளழுத்தத்தை வெளியழுத்தத்தோடு சமமாக்கிவிட்டுப் பிறகு திருகத் தொடங்குவது நல்லது.

அந்தி வானம்:

நான் இந்த மன்றத்துக்குப் புதியவன். நெபுலாக்களைப் படமெடுக்க 7 நானோமீட்டர் ஹைட்ரஜன்-ஆல்ஃபா வடிகட்டி என்னிடம் இருக்கிறது. அதுவும் இதே 656 நானோமீட்டர்தானே? தொலைநோக்கியின் முன்னால் சூரியத் தாளை மாட்டி, பின்னால் இந்த வடிகட்டியையும் வைத்தால் விளிம்புச் சுடர்கள் தெரியுமா?

காலைக்கதிர்:

தெரியாது தம்பி. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கு மிகவும் மகிழ்கிறேன்; கேட்காமலே முயன்றுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்ற அச்சம் எனக்கு எப்போதும் உண்டு.

7 நானோமீட்டர் என்பது 70 ஆங்ஸ்ட்ராம். சூரிய வடிகட்டியின் பட்டையைவிட ஏறத்தாழ நூறு மடங்கு அகலம். அவ்வளவு அகலத்தில் நுழையும் ஒளிமண்டல வெளிச்சத்துக்கு முன்னால் நிறமண்டலத்தின் மெல்லிய ஒளி இருக்கும் இடமே தெரியாது. முன்னால் கண்ணால் பார்ப்பதற்கான சூரியத் தாள் இருந்தால் கண்ணுக்கோ கேமராவுக்கோ ஆபத்தில்லை. சிவப்பு நிறத்தில் ஒரு வெள்ளொளிப் படம் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் சூரியத் தாளை எடுத்துவிட்டு அந்த நெபுலா வடிகட்டியை மட்டும் நம்பிச் சூரியனை நோக்கித் திருப்புவதை எக்காரணத்தைக் கொண்டும் செய்துவிடாதீர்கள். அது சூரியனின் ஒளியையும் வெப்பத்தையும் தாங்குவதற்கோ, அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பதற்கோ செய்யப்பட்டதன்று. குவிந்த ஒளியில் வடிகட்டி விரிசல்விட ஒரு நொடி போதும். பின்னால் கண் இருந்தால் அந்த இழப்பு மீளாது. விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லாததால், சுடும்போது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

தாளைப் பயன்படுத்துவோர் ஒவ்வொரு முறையும் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊசித்துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கண்ணால் பார்ப்பதற்கான தாள் ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. படமெடுப்பதற்கென்று விற்கப்படும் 3.8 அடர்த்தித் தாள் அதைவிட ஏறத்தாழ பதினாறு மடங்கு ஒளியை விடுவதால், அதன் வழியாகக் கண்ணால் பார்க்கக்கூடாது. ஃபைண்டர் தொலைநோக்கியைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். மூடி போட்டுவிட்டு நம்பியிருக்க வேண்டாம், குழந்தைகள் இருக்கும் மாடியில் மூடி எப்போது கழன்றது என்பது நமக்குத் தெரியாது.

கோவை மாடி:

இரண்டு படங்களை ஒட்டுவது பற்றிய கேள்விக்கு வருகிறேன். என் கருத்தில் அது தேவையற்றது மட்டுமன்று, விரும்பத்தக்கதும் அன்று. வட்டை ஒரு எக்ஸ்போஷரிலும் சுடர்களைப் பல மடங்கு கூடுதலான எக்ஸ்போஷரிலும் எடுத்து, வட்டை வெட்டி மேலே வைத்தால், சுடர்கள் வட்டைவிட ஒளிமிக்கவை என்ற பொய்யான எண்ணத்தைப் படம் உண்டாக்குகிறது. வெட்டிய இடத்தில் விளிம்பின் ஸ்பிக்யூல்களும் (ஊசிபோல் எழும் சிறு வாயுத்தாரைகளும்) போய்விடுகின்றன. படத்தைப் பார்க்கும் பள்ளி மாணவர் அதுவே சூரியனின் இயல்பான தோற்றம் என்று நம்பிவிடுவார்.

ஒரே எக்ஸ்போஷரில் இரண்டையும் பெற முடியும். ஹிஸ்டோகிராமில் (ஒளிர்வுப் பரவல் வரைபடத்தில்) வட்டின் மிக ஒளிர்ந்த பகுதி எழுபது, எண்பது விழுக்காட்டைத் தாண்டாமல் வைத்துக்கொண்டு, காணொளியை எட்டு பிட்டில் அல்லாமல் பதினாறு பிட் எஸ்.ஈ.ஆர். கோப்பாகப் பதிவுசெய்யுங்கள். ஆயிரம் ஃபிரேம்கள் எடுத்து, ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் சிறந்த நூறை அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். மங்கலான சுடர்கள் ஒற்றை ஃபிரேமில் தெரியாவிட்டாலும் அடுக்கிய படத்தின் இருண்ட பகுதியில் பத்திரமாக இருக்கும். இம்ப்ப்ஜி மென்பொருளின் டோன் வளைகோட்டில் அடிப்பகுதியை மட்டும் மெல்ல உயர்த்தினால் அவை வெளியே வரும். அதே மென்பொருளின் லூசி-ரிச்சர்ட்சன் கூர்மையாக்கலை அளவோடு பயன்படுத்துங்கள். மிகைப்படுத்தினால் வட்டைச் சுற்றி இல்லாத ஒளிவளையம் ஒன்று முளைக்கும்.

இயற்பியல் ஆசிரியை:

கோவை மாடி அவர்களின் நேர்மையுணர்வை மதிக்கிறேன். ஒரே எக்ஸ்போஷர் போதும் என்பதையும் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனால் தனித்தனியாக எடுப்பதையே தவறென்று சொல்லிவிட முடியாது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் பழைய ஒளிப்படத் தகடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1904 முதல் வெள்ளொளியிலும், 1912 முதல் ஹைட்ரஜன்-ஆல்ஃபாவிலும் அங்கே சூரியன் நாள்தோறும் பதிவாகியிருக்கிறது. கால்சியம்-கே கோட்டில் (கால்சியத்தின் ஊதா ஒளியில்) வட்டுக்கென்று ஒரு தகடும், வட்டை மறைத்து விளிம்புச் சுடர்களுக்கென்று வேறொரு தகடும் எடுத்திருக்கிறார்கள். இரண்டும் இருவேறு பதிவுகளாகவே வைக்கப்பட்டதால்தான் நூறாண்டு கழித்தும் அவற்றிலிருந்து அளவீடு செய்ய முடிகிறது.

எனவே நான் வேறுபாட்டை வேறோர் இடத்தில் காண்கிறேன். மிக மங்கலான, விளிம்பைவிட்டுத் தொலைவில் பிரிந்து நிற்கும் சுடர்மேகங்களுக்கு ஒற்றை எக்ஸ்போஷர் போதாது. அவற்றைத் தனியாக எடுங்கள். எடுத்ததைத் தனிப்படமாகவே வெளியிடலாம். ஒட்டினால், ஒட்டிய படம் என்பதையும் இரண்டின் எக்ஸ்போஷர் அளவுகளையும் உலகப் பொது நேரத்தையும் படத்தின் கீழே எழுதுங்கள். செம்மஞ்சள் நிறமூட்டுவதும் வட்டை மட்டும் எதிர்மமாகத் திருப்புவதும் இவ்வகையைச் சேர்ந்தவையே. எதிர்மப் படத்தில் கரிய இழைகள் ஒளிர்ந்து தெரிவதால் நுணுக்கம் கண்ணில் படுகிறது. சொல்லிவிட்டுச் செய்தால் அதில் பிழையில்லை.

நிறமாலை:

கொடைக்கானலைக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தப் பழைய படங்கள் வடிகட்டியால் எடுக்கப்பட்டவை அல்ல; ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற கருவியால், சூரியனை ஒரு குறுகிய பிளவின்மேல் நகரவிட்டு, ஒவ்வொரு கீற்றாக ஒரே கோட்டின் ஒளியில் தீட்டப்பட்டவை. அதே முறையை இன்று வீட்டிலேயே செய்யலாம். பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்டியன் புயில் வடிவமைத்த சோலெக்ஸ் கருவியின் உறையை முப்பரிமாண அச்சில் எடுத்து, 10 மைக்ரான் பிளவும் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், மி.மீ.க்கு 2,400 கோடுள்ள கீற்றணியும் வாங்கி நான் கட்டியிருக்கிறேன். நல்ல எட்டலானின் விலையில் சிறு பகுதிதான் செலவானது.

இசைவைப் பற்றிய கவலையே இதில் இல்லை. நிறமாலை முழுவதும் காணொளியில் இருப்பதால், கோட்டின் நடுவா, அதன் இரு ஓரங்களான நீலச் சிறகா, சிவப்புச் சிறகா என்பதைப் படமெடுத்த பிறகு மென்பொருளில் தேர்ந்தெடுக்கலாம். ஆசிரியை அம்மா சொன்ன, நகர்ந்துபோகும் இழையை இதில் தப்பவிட மாட்டோம். 393.4 நானோமீட்டரிலுள்ள கால்சியம்-கே கோட்டையும் அதே கருவியில் எடுக்கலாம். ஆனால் கண்ணால் பார்க்க இதில் எதுவும் இல்லை. ஒரு வருடலுக்குப் பல நொடிகள் ஆவதால், அதற்குள் காற்று அசைந்தால் விளிம்பு வாள்பல் போல ஆகிவிடும். சில நொடிகளில் மாறும் வெடிப்பைத் துரத்துவதற்கு எட்டலான்தான் சிறந்தது.

வைகைக்கரை:

அனைவருக்கும் நன்றி. வட்டை நல்ல புலத்துக்கு நகர்த்தி, நடு இழையைப் பார்த்து இசைவுசெய்ததில் தட்டையான பாதி பெரும்பாலும் சரியாகிவிட்டது. சாய்வுத் தகட்டால் கோடுகளும் போய்விட்டன. கோவை மாடி அவர்கள் சொன்னபடி ஒரே எக்ஸ்போஷரில் எடுத்து வளைகோட்டின் அடிப்பகுதியை உயர்த்தியதில், தென்கிழக்கு விளிம்பில் வேலிபோல் நின்ற சுடர்க்கூட்டமும் வட்டும் சேர்ந்து வந்தன. ஒட்ட வேண்டிய தேவையே எழவில்லை.

எஞ்சியிருப்பது காற்று. மொட்டை மாடியில் ஒன்பது மணிக்கு மேல் படம் கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் வைத்துப் பார்த்தபோது வேறுபாடு வியக்கத்தக்கதாக இருந்தது. இது தற்செயலா, அல்லது நீரருகே எப்போதும் அப்படித்தானா? விளிம்புச் சுடர் ஒன்றின் அசைவைத் தொடர்படமாக எடுக்கவும் விரும்புகிறேன். எத்தனை நொடிக்கு ஒருமுறை எடுப்பது?

காலைக்கதிர்:

தற்செயல் அன்று. பகலில் படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தரைக்கு அருகிலுள்ள காற்றே. சிமென்ட் தளம் வெயிலை விழுங்கிச் சூடாகி, தன்மேலுள்ள காற்றைக் கொதிக்கவைக்கிறது. நீர்ப்பரப்பு மெல்லச் சூடாவதால் அதன்மேல் காற்று அமைதியாக இருக்கிறது. உதயப்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரியின் நடுவிலுள்ள தீவில் அமைத்ததும், கலிபோர்னியாவின் பிக் பேர் ஆய்வகத்தை ஏரிக்குள் கட்டியதும் இதற்காகவே. கண்மாயில் நீர் நிற்கும் மாதங்களை விட்டுவிடாதீர்கள். நீரின் மேலாகச் சூரியன் தெரியும்படி, அதாவது காலையில் கண்மாயின் மேற்குக் கரையில் நின்றால் பயன் கூடும். சூரியன் எழுந்து ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் வரைதான் நல்ல நேரம். அதற்கு முன் ஒளி தடித்த காற்றைக் கடக்கிறது, அதற்குப் பின் தரை சூடாகிவிடுகிறது. மாடியைவிட்டால் வேறிடம் இல்லாதவர்கள் கருவியைச் சுற்றி ஈரச் சாக்கு விரித்துக்கொள்ளலாம். எக்ஸ்போஷரை ஐந்து முதல் பத்து மில்லிநொடிக்குள் வையுங்கள். கெயின் (கேமராவின் சமிக்ஞைப் பெருக்கம்) சற்றுக் கூடினாலும் பரவாயில்லை, அடுக்கும்போது இரைச்சல் தணிந்துவிடும்.

தொடர்படத்துக்கு 30 நொடிக்கு ஒரு காணொளி போதும். 50 மி.மீ. கருவியின் பிரிதிறன் இந்த ஒளியில் ஏறத்தாழ 3.3 வில்நொடி, சூரியனில் அது சுமார் 2,400 கி.மீ. நொடிக்கு 50 கி.மீ. வேகத்தில் விளிம்பின் குறுக்கே நகரும் பொருள் 30 நொடியில் 1,500 கி.மீ. போகும், உங்கள் கருவி பிரித்தறியும் அளவைவிட அது குறைவு. ஆகவே எதையும் தவறவிட மாட்டீர்கள். கெயினையும் எக்ஸ்போஷரையும் குமிழையும் தொடக்கத்தில் வைத்தபடியே விட்டுவிடுங்கள். இடையில் மாற்றினால் சுடர் மாறியதா கருவி மாறியதா என்று பிரித்தறிய முடியாது. மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பும் சாதாரணத் தாங்கியில் படம் மெல்லச் சுழலும் என்பதால், சுழல் அச்சை வான துருவத்துக்கு நேராக்கிய மவுண்ட் (தாங்கி) வேண்டும்.

தொடங்குவதற்கு முன், உலகின் பல இடங்களிலிருந்து சூரியனைக் கண்காணிக்கும் கோங் வலையமைப்பின் அன்றைய ஹைட்ரஜன்-ஆல்ஃபா படங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் உதயப்பூரும் ஒரு நிலையம் என்பதால், நம் காலை நேரத்துப் படங்களும் அங்கே கிடைக்கும். முதல் முயற்சிக்கு மேற்கு விளிம்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். சூரியனின் சுழற்சியில் புள்ளிக்கூட்டங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 பாகை மேற்கே நகர்வதால், எந்தக் கிளர்ச்சிப் பகுதி எந்த நாளில் அங்கே வந்துசேரும் என்பதை முன்கூட்டியே கணித்துக்கொள்ளலாம். அது விளிம்பைத் தாண்டும் நாள்களில் வெடிப்பு நேர்ந்தால், அதற்குப் பின் எழும் வளைவுகளை இருண்ட வானத்தின் பின்னணியில் பக்கவாட்டில் காணலாம். படத்தில் மேற்கு எது என்று ஐயம் வந்தால் மவுண்டின் மோட்டாரைச் சற்று நேரம் நிறுத்துங்கள். சூரியன் எந்தப் பக்கமாக நகர்கிறதோ அதுவே மேற்கு.